மரத்தில் இறங்கிய ஊக்கு

கல்கத்தாவுக்கு வந்த புதிதில் அம்மாவுக்குத் தெரிந்த வங்காளம் முழுவதும் போர்ச்சுகீசியம். அது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சாவியை இங்கே சாபி என்றார்கள். ஜன்னல் ஜானாலா. அலமாரி ஆல்மாரி. மேஸ்திரி மிஸ்திரி. இஸ்திரி இஸ்திரியேதான். வந்த முதல் வாரமே அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"நம்ம பாஷைதாம்ட்டி. வாயில ரசகுல்லாவ ஒதுக்கிக்கிட்டுப் பேசுதாங்க, அம்புட்டுத்தான்."

இந்தத் தைரியத்தில் மிஸ்திரி, சாபி, ஜானாலா என்ற மூன்று சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் உடைந்த தாழ்ப்பாளைச் சரிசெய்ய வைத்தாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம் எடுத்தது, யாரிடமாவது குடிக்கத் தண்ணீர் கேட்க.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்குத் தூத்துக்குடியிலிருந்து சால்ட் லேக்கில் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு மாற்றலாகியிருந்தது. குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. லேக் கார்டன்ஸில் ஒரு மாடி வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரர் நாள் முழுதும் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார் என்பதால் நிர்வாகமெல்லாம் அவர் மனைவிதான். ஊர் வழக்கப்படி அவரை மாஷிமா என்று கூப்பிட்டோம், நம் பக்கத்தில் சித்தி என்பதைப் போல. சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை கட்டுவார். முந்தானை நுனியில் ஒரு கொத்துச் சாவி முடிந்திருக்கும். முந்தானையைத் தோளுக்குப் பின்னால் வீசினால் சாவிக்கொத்து சலங்கென்று முதுகில் விழும். அம்மா அந்தக் கொத்தைப் பார்த்த பார்வையை நான் நகைக்கடையில்கூடப் பார்த்ததில்லை.

"வீட்டுக்காரின்னா அப்படி இருக்கணும். நமக்கு ஊருக்கு ஒரு சாவி. அதையும் போறப்ப மறக்காம வாங்கிக்கிடுதாங்க" என்பாள்.

மாஷிமா எங்களைத் தீவிர இந்துக்கள் என்று நினைத்திருந்தார். தப்பு அவர் மீதில்லை. எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர்கள் பேசுவது முழுக்கக் கோவில் பாஷை. தேவாலயம், திருப்பலி எல்லாம் அச்சடித்த நோட்டீஸில் வரும். வாயில் வருவது கோவில், பூசை, சப்பரம், சுரூபம். ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்காடு போட்டுக்கொண்டு படியிறங்கும் அம்மாவிடம் மாஷிமா எங்கே என்று கேட்பார். "பூஜா" என்பாள் அம்மா. பக்தியுள்ள பெண் என்று மாஷிமா மனம் குளிர்வார். இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சாமி வரும்வரை.

எங்கள் வழக்கில் சாமி என்றால் குருவானவர், அதாவது பாதிரியார். வங்காளத்தில் புருஷனை ஷாமி என்பார்கள். ஸ்வாமியை அவர்கள் வாய் அப்படித்தான் சொல்லும். இந்த வித்தியாசம் தெரியாத அம்மா, வீடு மந்திரிக்கக் குருவானவர் வருகிற அன்று காலை, கைவசமிருந்த வங்காளத்தையும் இந்தியையும் குழைத்து மாஷிமாவிடம் சந்தோஷமாக அறிவித்தாள்.

"இன்னைக்குச் சாயங்காலம் எங்க சாமி வாராரு."

"அப்படியா! தாதா வெளியூர் போயிருந்தாரா?" என்றார் மாஷிமா. தாதா என்றால் அண்ணன். அப்பாவை அவர் அப்படித்தான் குறிப்பிடுவார்.

"தாதா வேற. சாமி வேற."

மாஷிமா கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார்.

"அவர் எங்கே இருக்கார்?"

"கோவில்லதான். தனிக்கட்டை. யாரோ பொங்கிப் போடுதாங்க, பாவம்."

"அடிக்கடி வருவாரா?"

"வருசத்துக்கு ஒரு தடவ. எல்லா வீட்டுக்கும் போவணும்லா."

"இது... தாதாவுக்குத் தெரியுமா?"

"அவியதானே டாக்சி வச்சுக் கூட்டிக்கிட்டு வாரதே!"

சாயங்காலம் டாக்சி வந்தபோது செய்தித்தாளையும் மடித்துவைத்துவிட்டு வீட்டுக்காரர்கூட வாசலில் நின்றார். அப்பா கதவைத் திறந்துவிட, வெள்ளை அங்கி போட்ட குருவானவர் நரைத்த தாடியோடு இறங்கினார். மாஷிமா ஒரு நிமிடம் அவரையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு விஷயம் புரிந்து அவர் சிரித்த சிரிப்பில் சாவிக்கொத்து நிற்காமல் குலுங்கியது. குருவானவர் வங்காளி, கிருஷ்ணநகர்ப் பக்கத்துக்காரர். அவருக்கும் விளக்கப்பட்டது. அவர் சிரிப்புத் தாளாமல் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து மாஷிமா, "உன் இரண்டாவது சௌக்கியமா?" என்று அம்மாவிடம் கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அந்தச் சாமியின் கோவில் வடக்கே, மொத்த வியாபாரச் சந்துகளுக்குள் இருந்தது. மெட்ரோவில் போய் இறங்கி, தள்ளுவண்டிகளுக்கும் அட்டைப்பெட்டி மூட்டைகளுக்கும் இடையில் நசுங்கிக்கொண்டு நடந்தால், பிளாஸ்டிக் பூக் கடைகளுக்குப் பின்னாலிருந்து திடீரென்று எழுந்து நிற்கும். போர்ச்சுகீசியர் கட்டியது. முகப்பில் இரண்டு குட்டைக் கோபுரங்கள். உள்ளே கொழுத்த வட்டத் தூண்கள். தரையெங்கும் கல்லறைக் கற்கள், லத்தீனும் போர்ச்சுகீசியமும் மண்டையோடும் குறுக்கெலும்புமாக. அம்மா யாரையும் மிதித்துவிடக் கூடாதென்று பாண்டி ஆடுவது போலத் தாவித் தாவி நற்கருணைக்குப் போவாள். நடுப்பீடத்தில் முறுக்கிவிட்ட மரத்தூண்கள், அவற்றில் சுற்றிப் படரும் திராட்சைக்கொடி. அதைச் செதுக்கியவன் திராட்சையைக் கண்ணால் பார்த்தவன் இல்லை, அது நாவல்பழம் என்பது அம்மாவின் கட்சி. தூண்களின் உச்சியில் கன்னம் உப்பிய சம்மனசுகள். இறக்கையை எடுத்துவிட்டால் கரியாஹாட் மிட்டாய்க் கடைக்காரரின் சாடை. செதுக்கிய ஆசாரி யார் முகத்தைப் பார்த்துச் செதுக்கினானோ, அந்தப் பரம்பரை இன்னும் ஊரில்தான் இருக்கிறது என்று நான் நம்பினேன்.

இடதுபக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, கண்ணாடிக் கதவு போட்ட மாடத்தில் மாதா நின்றாள். மூன்றடிக்குச் சற்று மேல். பழுத்த தந்த நிறத்தில் முகமும் கைகளும். தலையிலிருந்து பாதம்வரை நீலமும் பொன்னுமாக அங்கி, மடிப்பு மடிப்பாக. கல்கத்தாவில் அம்மா தமிழில் பேச வீட்டுக்கு வெளியே இருந்த ஒரே ஆள் அவள்தான். கோவில் காலியானபிறகு மாடத்தின் கீழே நின்று மீன் விலையிலிருந்து தொடங்குவாள். நான் ஒரு தூணில் சாய்ந்து காத்திருப்பேன். சில ஞாயிறுகளில் மாதாவுக்கே கால் கடுத்திருக்கும்.

அந்த மாதாவுக்குக் காவல் போல ஒரு பேராசிரியர் இருந்தார். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற வங்காளக் கத்தோலிக்கர், கோவில் கமிட்டியின் மூத்த உறுப்பினர். பூசை முடிந்ததும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அகப்பட்டவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் கோவிலைச் சுற்றிக்காட்டுவார். சாவி, ஜன்னல் ரகசியத்தை எங்களுக்கு உடைத்துச் சொன்னவர் அவர்தான். ஒரே போர்ச்சுகீசியக் கப்பல்காரர்கள், பாதிச் சொற்களை உங்கள் கரையில் இறக்கிவிட்டு மீதியை ஹூக்ளி ஆற்றங்கரையில் கொண்டுவந்து கொட்டினார்கள் என்றார். அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. தானே கற்ற வங்காளம் என்றல்லவா நினைத்திருந்தாள்.

சுற்றுலா எப்போதும் மாதாவிடம் முடியும். குடை முனையால் மாடத்தைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொல்வார். "கோவிலைவிட மூத்தவள். ஒரே தேக்குமரம். அந்த அங்கியின் மடிப்புகளைப் பாருங்கள். மரத்தைத் துணியாக்கிவிட்டான்! துணி என்றே தோன்றுகிறது இல்லையா?"

தோன்றியது. எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினோம். கண்ணாடிக் கதவை வருஷத்துக்கு ஒருமுறை திறந்து, கோழி இறகு விளக்குமாறால் தூசி தட்டுவதோடு சரி. கையால் தொட யாருக்கும் உத்தரவில்லை.

இப்படி இருக்கையில் நான் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரித் தேர்வில் கணக்கில் தேறவில்லை. அப்பா டியூஷன் வைத்தார். அம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நேரே மாடத்தின் கீழே போய் நின்று, "மாதாவே, இவ கணக்குல பாஸானா ஒனக்கு ஒரு பட்டுச்சேல சாத்துதேன்" என்று நேர்ந்துகொண்டாள். பொதுத்தேர்வில் எனக்குத் தேவைப்பட்டதற்கு மேல் ஒரே ஒரு மார்க் வந்தது. அந்த ஒன்று மாதா போட்டது என்பதில் அம்மாவுக்கு இன்றுவரை சந்தேகமில்லை. டியூஷன் வாத்தியாருக்கு ஒரு நன்றிகூடக் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மாதாவுக்குச் சேலை சாத்துவது, பிள்ளைக்கு மொட்டை போடுவது போல அன்றாடக் காரியம். இங்கே அம்மா விஷயத்தைச் சொன்னதும் குருவானவர் தாடியைத் தடவிக்கொண்டு கமிட்டியைக் கேட்க வேண்டும் என்றார். கமிட்டி என்றால் பேராசிரியர். பேராசிரியர் குடையைத் தரையில் ஊன்றினார்.

"அம்மா, அந்த அங்கிதான் சிற்பமே. உலகத்தில் மிச்சமிருக்கிற அற்புதமான மரமடிப்புகளில் ஒன்று. அதன்மேல் போய்த் துணியைச் சுற்றுவதா?"

நான் மொழிபெயர்த்தேன். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த எல்லாக் கெடுதிக்கும் தீர்க்காத நேர்ச்சையே காரணம். சிலிண்டர் ஞாயிற்றுக்கிழமை தீர்ந்தால் நேர்ச்சை. மீன்காரன் இலிஷ் மீனுக்கு வயிற்றுத்துண்டு தராமல் வால்துண்டு கட்டிவிட்டால் நேர்ச்சை. அப்பாவின் கடைவாய்ப்பல் நேர்ச்சை. பல்லைப் பிடுங்கிய டாக்டரிடமே அம்மா அப்படித்தான் சொன்னாள். பிறகு உண்மையிலேயே ஒன்று நடந்தது. அப்பாவுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

"நேர்ச்சையத் தீக்காம நான் இந்த ஊர விட்டு வர மாட்டேன். நீங்களும் ஒங்க மவளும் போங்க" என்றாள் அம்மா.

"சர்க்கார் ஆர்டர்ம்மா" என்றார் அப்பா.

"என் ஆர்டர் அதுக்கு மேல உள்ள ஆபீஸ்ல இருந்து வந்தது."

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அந்த ராத்திரி அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். சேலைக்காக மட்டும் அழுதாளென்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனை ஊரில் எத்தனை வீட்டைக் கூட்டிப் பெருக்கி, திரைச்சீலை தைத்து, கருவேப்பிலைச் செடி நட்டு, கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். எங்கேயும் ஒரு காரியத்தை முடித்துவிட்டு வந்தோம் என்று இல்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் ஒரு மார்க்கின் மேல் கோபமும் வந்தது.

விவகாரத்தில் மாஷிமா நுழைந்தது இங்கேதான். அனுமதி கிடக்கட்டும், முதலில் சேலையை வாங்கு என்று அம்மாவைக் கரியாஹாட் கடைவீதிக்கு இழுத்துப் போனார். நானும் போனேன். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். அம்மா தன் வங்காளத்தில், "அம்மாவுக்கு" என்றாள்.

"உயரமா, குட்டையா?"

அம்மா தன் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோய்க் காட்டினாள். "இம்புட்டு."

கடைக்காரர் இரக்கத்தோடு பார்த்தார். "வயசு?"

"முந்நூறு இருக்கும்."

கடைக்காரர் முகத்தில் நிம்மதி பரவியது. "ஓ, மாவுக்கா! முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்று உள்ளேயிருந்து வேறு கட்டை எடுத்துப் போட்டார். தெருவுக்குத் தெரு தேவி வந்து உட்காருகிற ஊரில் முந்நூறு வயதுப் பெண்ணுக்குச் சேலை எடுப்பது ஒரு விசேஷமே இல்லை. மாஷிமா சிவப்புக் கரை வெள்ளைச் சேலைதான் என்றார். அம்மா நீலப் பட்டுதான் என்றாள். வெள்ளை எங்கள் பக்கம் துக்கச் சேலை. வெள்ளையில் சிவப்புக் கரை இந்தப் பக்கம் சுமங்கலிச் சேலை. இருவரும் கடையிலேயே நின்று, தத்தம் பாஷையில், விட்டுக்கொடுக்காமல் வாதாடினார்கள். நேர்ந்தவள் அம்மா என்பதால் நீலப் பட்டு வென்றது. மாஷிமா டிராம் ஏறும்வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மாஷிமாவும் எங்களோடு கோவிலுக்கு வந்தார். பேராசிரியர் வழக்கம்போல மாடத்தின் கீழே துணி என்றே தோன்றுகிறது இல்லையா என்று முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு முந்தானையை வீசி, சாவிக்கொத்து சலங்கென, அவர் முன்னால் போய் நின்றார்.

"இந்த ஊரில் சந்து முனையில் நிற்கிற மாவுக்குக்கூட வருஷத்துக்கு ஒரு புதுச் சேலை. உங்கள் மா மட்டும் வந்த நாளிலிருந்து ஒரே துணியில் நிற்கிறாள். உங்களுக்கு வெட்கமாக இல்லை?"

"அது துணி இல்லை, மரம்" என்றார் பேராசிரியர்.

"அப்படியானால் இன்னும் வெட்கம்."

வரலாறு படித்தவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மாதா திருநாளன்று ஒரு நாள் மட்டும் சாத்தலாம், ஆணி அடிக்கக் கூடாது, பசை தடவக் கூடாது, நானே கூட இருந்து மேற்பார்வை பார்ப்பேன் என்ற நிபந்தனைகளோடு இறங்கிவந்தார். குருவானவர் இதற்காகவே காத்திருந்தவர் போலச் சரி என்றார்.

திருநாளுக்கு முந்தின மத்தியானம் போனோம். மாடத்தின் சாவியைக் காணோம். மணியடித்து, பீடம் துடைத்து, சாவிகளை வைத்திருக்கிறவரை எங்கள் ஊரில் கோவில்பிள்ளை என்போம். இந்தக் கோவிலின் கோவில்பிள்ளை நல்ல மனிதர். சாவிகளை வைத்திருப்பது ஒன்றுதான் அவருக்கு வராது. "சாபி, சாபி" என்று முனகிக்கொண்டே அவர் மெழுகுவர்த்திப் பெட்டியில், பாட்டுப் புத்தகங்களுக்கடியில், அங்கிகள் தொங்கும் அலமாரியில் தேடினார். அம்மாவும் "சாவி, சாவி" என்று தேடினாள். குருவானவர் தன் அங்கிப் பையையே இரண்டு முறை உதறினார். கடைசியில் அது பூச்சாடிக்குள் கிடைத்தது.

ஏணி போட்டார்கள். அம்மா ஏறினாள். பேராசிரியர் கீழே, ஏதாவது விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் பையோடு. அம்மா பையிலிருந்து முதலில் கேட்டது சேலையை அல்ல.

"பாவாடைய எடுட்டி."

நாடா கோத்துத் தைத்த ஒரு சின்னப் பாவாடை. அது என்ன என்று குருவானவர் கேட்டார். நான் சொன்னேன். அவர் உடனே மேலே சம்மனசுகளை ஆராயத் தொடங்கினார். பாவாடை இல்லாமல் சேலை எதில் நிற்கும், கொசுவத்தை எதில் சொருகுவது என்று அம்மா மேலேயிருந்து தமிழில் விளக்கினாள். நல்லவேளை, எனக்கு மட்டும் புரிந்தது.

பாவாடை கட்டியாயிற்று. கொசுவம் வைத்தாயிற்று. முந்தானை மட்டும் நிற்கவில்லை. வர்ணம் வழுவழுவென்றிருந்ததால் தோளில் போடப் போடச் சரிந்தது. இரண்டு தடவை போட்டாள், இரண்டு தடவையும் பட்டு வழுக்கிப் பேராசிரியர் தலையில் விழுந்தது. மூன்றாம் தடவை அம்மா யோசிக்கவில்லை. பள்ளிக்கூட விழாவுக்கு எனக்குச் சேலை கட்டிவிடும்போது செய்வதைச் செய்தாள். வளையலில் கோத்திருந்த ஊக்கை உருவி, முந்தானையைத் தோளோடு சேர்த்து ஒரே குத்து.

பிறகு அப்படியே நின்றாள்.

"ஏட்டி, இறங்கிட்டு."

"என்னது இறங்கிட்டு?"

"ஊக்கு."

என்ன சொல்கிறாள் என்று பேராசிரியர் கேட்டார். ஊக்கு மரத்துக்குள் இறங்கிவிட்டது என்றேன். தேக்கில் ஊக்கு இறங்காது என்றார். மேலேயிருந்து அம்மா இன்னொரு ஊக்கைக் குத்திக் காட்டினாள். அதுவும் இறங்கியது. பேராசிரியர் குடையை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த வயதில், ஏணியில் ஏறினார். தான் யாரையும் தொடவிடாத அங்கியை முதன்முதலாகத் தன் விரலால் தட்டினார். செருப்புப் பெட்டியைத் தட்டுவது போலச் சத்தம் கேட்டது.

மாதாவை மெதுவாகத் திருப்பினார்கள். சுவரைப் பார்த்திருந்த முதுகில் அங்கி ஒரு முழ நீளத்துக்கு வெடித்திருந்தது. வெடிப்பின் ஓரத்தில் இழை இழையாக நூல் தெரிந்தது. கோவில்பிள்ளை டார்ச்சைக் கொண்டுவந்தார். உள்ளே அடித்துப் பார்த்தால் உடம்பே இல்லை. மார்புவரை ஒரு மரக்கட்டை. அதற்குக் கீழே நான்கு சட்டங்கள், ஸ்டூல் கால்கள் போல. அவ்வளவுதான் மாதா.

பேராசிரியர் வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு ஏணியிலிருந்து இறங்காமலே, வகுப்பில் சொல்வது போல, ஆனால் மிகவும் மெல்லச் சொன்னார். போர்ச்சுகீசியர் சில சுரூபங்களை இப்படித்தான் செய்வார்கள். முகமும் கையும் மட்டும் செதுக்குவார்கள். மற்றதெல்லாம் சட்டம்தான், உடுத்திவிடுவதற்காக. திருநாளுக்குத் திருநாள் நிஜத் துணியில் புது உடுப்பு மாற்றுவார்கள். பிறகு எப்போதோ உடுத்திவிட ஆளில்லாமல் போயிருக்கும். யாரோ கடைசியாகப் போட்ட உடுப்பைப் பசையும் சுண்ணாம்பும் தோய்த்து, விறைக்கவைத்து, வர்ணம் பூசிவிட்டிருக்கிறார்கள்.

நான் அம்மாவுக்குச் சொன்னேன். அவள் முகம் சிவந்தது.

"அப்ப முந்நூறு வருசமா மாத்துத் துணி இல்லாமலாட்டி நிப்பாட்டி வச்சிருக்காங்க!"

அவளைச் சமாதானப்படுத்த முடியவில்லை. குருவானவரைப் பார்த்தும் ஒன்றிரண்டு கேட்டாள். பாவம், அவர் அந்தக் கோவிலுக்கு வந்தே நான்கைந்து வருடம்தான் இருக்கும். அப்போதுதான் டார்ச் வெளிச்சத்தில் சட்டத்தின் மேல் ஏதோ மினுங்கியது. பேராசிரியர் கையை உள்ளே விட்டுத் தடவி, "ஆல்பின்" என்றார். குண்டூசிக்கு வங்காளத்தில் அதுதான் பேர். பித்தளைக் குண்டூசிகள், பச்சை பிடித்துப்போய், சட்டமெங்கும் வரிசையாகக் குத்தியிருந்தன. சிலவற்றில் நூல்கூட ஒட்டியிருந்தது. "இந்தச் சொல்லும் அவர்களுடையதுதான். ஊசியும் அவர்களுடையதாகவே இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அம்மா கோபத்தை நிறுத்திவிட்டு உள்ளே விரலைவிட்டு ஒவ்வோர் ஊசியாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு முன்னாலயே யாரோ ஒருத்தி இங்கன நின்னு குத்தியிருக்கா" என்றாள். "எந்த ஊர்க்காரியோ. அவளும் ஊர விட்டுப் போயிருப்பா."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கொசுவத்தை மறுபடி முதலிலிருந்து வைத்தாள். இந்த முறை யாரும் நிபந்தனை எதுவும் சொல்லவில்லை. பேராசிரியரே முந்தானையைப் பிடித்துக்கொடுத்தார். மறுநாள் திருநாள் பூசைக்குப் பிறகு, நீலப் பட்டில் நின்ற மாதாவின் முன்னால் வழக்கம்போலக் கூட்டம் சேர்ந்தது. அவர் குடை முனையை நீட்டி, கொஞ்சமும் கூசாமல் ஆரம்பித்தார். "இத்தனை வருடமாக நான் என்ன சொல்லிவருகிறேன்? துணி என்றே தோன்றுகிறது இல்லையா?"

அதே மாதக் கடைசியில் நாங்கள் கிளம்பினோம். சாமான் லாரி போனபிறகு அம்மா மாடியைக் கூட்டிப் பெருக்கி, கதவைப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய் மாஷிமாவிடம் கொடுத்தாள். மாஷிமா அதைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டார். கோத்தபிறகுதான் இருவரும் அழுதார்கள். டாக்சி லேக்கைத் தாண்டும்வரை அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

நான் திரும்பி வந்தது இரண்டாயிரங்களின் நடுவில். சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கணக்கில் அந்த ஒரு மார்க் வராமல் போயிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது என்று அம்மா போனில் நினைவுபடுத்தினாள். முதல் மாதத்திலேயே ஒரு செவ்வாய்க்கிழமை லீவு வாய்த்தது. கோவிலுக்குப் போனேன். அதே சந்து, அதே பிளாஸ்டிக் பூ. உள்ளே சம்மனசுகள் இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தார்கள், வர்ணம் அடித்திருந்தார்கள் போல. கோவில்பிள்ளைக்கு என்னை ஞாபகமிருந்தது. பாவாடை கொண்டுவந்த வீடு என்றார்.

மாதா வெள்ளைச் சேலையில் நின்றாள், சிவப்புக் கரையோடு. வங்காளப் பெண்கள் உடுத்துகிற மாதிரி, கொசுவம் இல்லாமல், முந்தானையை முன்னுக்குச் சுற்றித் தோளுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். யார் கொடுத்தது என்று கேட்டேன். இப்போது வருஷம் முழுக்க யாராவது கொடுத்துக்கொண்டே இருக்கிறார்களாம். இது லேக் கார்டன்ஸிலிருந்து ஒரு வயதான அம்மாள், ஞாயிறு கூட்டம் பிடிக்காது என்று செவ்வாய்க்கிழமைகளில் வருவார், வந்தால் தன்னைத் திட்டாமல் போக மாட்டார் என்றார். எதற்குத் திட்டுவார் என்று நான் கேட்கவில்லை.

மாடத்தைத் திறந்து கிட்டே பார்க்கலாமா என்றேன். கண்ணாடிக் கதவு இப்போது பூட்டப்படுவதில்லையாம். அப்படியானால் மற்றச் சாவிகளெல்லாம் எங்கே, இன்னும் பூச்சாடியிலா என்று சும்மா கேலிக்குக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் ஏணியைச் சாய்த்துவைத்து மேலே கை காட்டினார்.

"சாபியா? மாவிடம் இருக்கிறது."

ஏறிப் பார்த்தேன். மாதாவின் முந்தானை நுனியில், முதுகுப்பக்கம், கோவிலின் அத்தனை சாவிகளும் ஒரு கொத்தாக முடிந்து தொங்கின. தோளில், சேலையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் ஊக்கு.

ஏணியில் நின்றபடியே விசாகப்பட்டினத்துக்குப் போன் போட்டேன். அப்பா ஓய்வுபெற்றபிறகும் இருவரும் அங்கேயே ஒரு வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். அம்மா எடுத்ததும் என்ன சேலை என்றாள். சொன்னேன். "ஜெயிச்சுட்டாவளே மாஷிமா" என்று சிரித்தாள். பிறகு சாவிக்கொத்தைச் சொன்னேன். தோளுக்குப் பின்னால் தொங்குகிறது, மாஷிமா போட்டுக்கொள்வாரே அதே மாதிரி என்றேன்.

"ஏட்டி" என்றாள். "கொத்த லேசா ஆட்டு. நான் கேக்குதேன்."

போனை மாதாவின் தோளருகே பிடித்துக்கொண்டு முந்தானையை ஆட்டினேன். சலங்கென்றது.

"போதும்" என்றாள் அம்மா. "அவ வீட்டுக்காரி ஆயிட்டா."